செவ்வாயில் கூப்பிட்டால்

ஜூன் 2, திங்கள்

புது வேலை. சினிமா இல்லை, சீரியலும் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளை கோளரங்கம் கட்டி முடித்திருக்கிறது. குழந்தைகளுக்கான அதன் முதல் காட்சிக்கு நான் ஒலி கலந்து கொடுக்க வேண்டும். மற்றக் கிரகங்களில் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதுதான் காட்சி. இத்தனை வருஷம் சாலிகிராமத்து அறையில் உட்கார்ந்து குத்துக்கும் ஒப்பாரிக்கும் மழைக்கும் ஒலி கலந்தவளுக்குக் கடைசியில் செவ்வாய்க்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது.

கோளரங்கத்தின் அறிவியல் அதிகாரி கதிஜா வீட்டுக்கே வந்திருந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும். கீழக்கரைப் பெண். இயற்பியலில் டாக்டர் பட்டம், ஆனால் டீயைச் சாஸரில் ஊற்றி ஊதிக் குடிக்கிறாள். எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. ஜூலை பத்தொன்பது திறப்பு விழா. அதற்கு முன் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனைக் காட்சி.

பேசிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் கபிரியேல் டிரைவிங் ஸ்கூல் வகுப்பை முடித்துவிட்டு வந்தார். யார் வந்தாலும் பாடுகிற பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

"இவ காத நம்பித்தாம்மா தூத்துக்குடில உப்புக் கம்பெனி வேலைய விட்டுட்டு மெட்ராசுக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்புல கண்ண மூடிக்கிட்டு நிப்பா. இஞ்சின் சத்தத்த வச்சே எந்த டிப்போ வண்டின்னு சொல்லுவா!"

டிப்போவெல்லாம் நான் சொன்னதே இல்லை. வருஷா வருஷம் கதை வளர்கிறது. மறுத்ததும் இல்லை. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

கதிஜா பாடம் நடத்தினாள். நான் கல்லூரிக்குப் போயிருந்தால் இவள் மாதிரி ஒருத்தி கிடைத்திருப்பாளோ என்னவோ.

வெள்ளிக் கிரகத்தில் காற்று அடர்த்தி, கொதிக்கிற சூடு. அங்கே நின்று பேச முடிந்தால் குரல் கட்டையாகிவிடுமாம். ஆனால் ஒலி அங்கே வேகமாக ஓடுவதால், பேசுகிற ஆள் குள்ளமானவர் போலத் தோன்றுமாம். கட்டைக்குரல் குள்ளன். சனியின் துணைக்கோள் டைட்டனில் குளிர் தாங்காது. அங்கே சத்தம் மெதுவாக நகரும், ஆனால் வெகுதூரம் போகும்.

செவ்வாய்தான் மோசம். காற்று இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். இருப்பதும் கரியமிலவாயு. அது மேல்ஸ்தாயியை விழுங்கிவிடுகிறது. அதிலும் ஒரு கூத்து. கீச்சுச் சத்தம் கட்டைச் சத்தத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடுமாம்.

"அங்க கச்சேரி வச்சா புல்லாங்குழல் முதல்ல கிளம்பி வரும்க்கா, மிருதங்கம் பின்னால வரும். ஆனா பாதி வழியிலயே புல்லாங்குழல் செத்துரும்" என்றாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே ஓர் ஆள். ஒரே ஒரு வாசகம். அவன் கூப்பிட்டுக்கொண்டே தள்ளித் தள்ளிப் போகிறான். முதலில் பூமியில், பிறகு வெள்ளியில், டைட்டனில், செவ்வாயில். ஒவ்வொரு இடத்திலும் அந்தக் குரல் என்னவாகிறது என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும். கதிஜா துள்ளிவிட்டாள். யார் குரல் என்று பேசிக்கொண்டிருந்தபோதே ஜன்னலுக்கு வெளியே இவர், "கிளட்ச்சு! கிளட்ச்ச விடாதீங்கன்னு சொல்லுதேம்லா!" என்று கத்தினார்.

"இதே குரல்தான்க்கா" என்றாள் கதிஜா.

ஜூன் 9, திங்கள்

போன படத்தின் தயாரிப்பாளர் கூப்பிட்டார். மதுரையில் ஒரு தியேட்டரில் வசனத்தில் வரும் 'ஸ'வெல்லாம் ஊசி மாதிரி குத்துகிறதாம். விருதுநகரிலும் அப்படியேயாம். தியேட்டர்காரர்கள் ஸ்பீக்கரைத் துடைத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும், பழி நம் தலையில்.

குக்கர் அடிப்பிடித்துவிட்டது. விசிலில் ஏதோ அடைப்பு. நாளைக்கு வெயிட் மாற்ற வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

இவர் குரலைப் பதிவு செய்தோம். பெரிய வேடிக்கை. வீதி முழுக்கக் கத்துகிற மனுஷனுக்கு மைக்கைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஏட்டி ஜெசி, சாப்பிட வா" — இவ்வளவுதான் வாசகம். தினமும் சொல்வதுதான். பத்து தடவை எடுத்தும் போஸ்ட் மாஸ்டர் தந்தி படிக்கிற மாதிரியே இருந்தது.

"ஆளே இல்லாத எடத்துல எப்படிட்டி கூப்பிட?" என்றார்.

கடைசியில் நான் பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இருப்பதுபோல் நின்றேன். அப்புறம் கூப்பிட்டார் பாருங்கள். நிஜமாகவே பசித்த ஆள் கூப்பிடுகிற மாதிரி. கொஞ்சம் கோபம், கொஞ்சம் கெஞ்சல். நான் நின்ற இடத்தில் அது ஸ்பீக்கரில்தான் வந்தது, ஆனாலும் திரும்பிவிட்டேன்.

குரலில் கரகரப்பு முன்பு இருந்த அளவு இல்லை. வயதாகிறது போலிருக்கிறது.

ஜூன் 14, சனி

இவருக்கு இப்போதெல்லாம் என்மேல் புதுப் பாசம் பொங்குகிறது. சோபாவில் ஆகட்டும், மாதா கோவிலில் ஆகட்டும், எங்கேயானாலும் என் இடது பக்கமாக வந்துதான் உட்காருகிறார். வலது பக்கம் இடம் காலியாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு வருகிறார். "என்ன, எடது பக்கந்தான் ராசின்னு ஜோசியக்காரன் சொன்னானா?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார்.

இன்று காலிங் பெல்லுக்கு ஒரு சிவப்புப் பல்பு மாட்டியிருக்கிறார். பெல் அடித்தால் ஹாலில் பல்பு எரிகிறது. கல்யாண மண்டபம் கெட்டது. எதற்கு என்றால், "சும்மாதாம்ட்டி, கடையில ஆஃபர்ல கெடச்சுது" என்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு ஐம்பது தாண்டினால் இப்படி ஏதாவது பிடித்துக்கொள்ளும்.

ஜூன் 18, புதன்

வெள்ளியும் டைட்டனும் முடிந்தன. வெள்ளியில் இவர் குரல் அண்டாவுக்குள் தவளை பேசுகிற மாதிரி வந்திருக்கிறது. நானே சிரித்துவிட்டேன். டைட்டன் எனக்குப் பிடித்திருக்கிறது. குரல் தாமதமாக வந்து சேர்ந்து, பிறகு போகவே மாட்டேன் என்கிறது.

இரண்டு நாளாகக் காதுக்குள் சில்வண்டுச் சத்தம். சைனஸாகத்தான் இருக்கும். ஆவி பிடித்தேன்.

ஜூன் 21, சனி

இன்று முழுக்கச் செவ்வாய்.

கதிஜா கொடுத்த கணக்குப்படி மேல்ஸ்தாயியை வெட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரண்டு கூப்பாடு, அப்புறம் பொட்டல். மணல் துகள்கள் மைக்கில் வந்து மோதுகிற சத்தமும் வேண்டும் என்று கேட்டிருந்தாள். காகிதத்தில் ரவையைத் தூவிப் பதிவு செய்திருந்தேன். அதுவும் காணோம். கணக்கு கணக்குதான், ஆனால் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிசப்தத்தையா கேட்பார்கள்?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கலக்க உட்காரும்போது திரையில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர்களை அட்டை வைத்து மறைத்துவிடுவோம். கண் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்வார்கள். எல்லாரும் விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. புது அட்டையாக ஒட்டிக்கொண்டு, காது என்ன சொல்கிறதோ அதன்படி மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். ரவையை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். சாயங்காலம்தான் சரியாக வந்தது. காற்று லேசாக முனகுகிறது, அதன்மேல் துகள்கள் பட்டும் படாமலும் உதிர்கின்றன, அதற்குள் இவர் குரல் மங்கிக்கொண்டே போகிறது. நான் செய்த நல்ல வேலைகளில் இது ஒன்று என்று தைரியமாகச் சொல்வேன்.

ஜூன் 24, செவ்வாய்

கதிஜா அறைக்கு வந்து கேட்டாள். வெள்ளிக்குச் சிரித்தாள். டைட்டனுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். செவ்வாய் ஆரம்பித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அக்கா, இது கொஞ்சம் கூர்மையா இல்ல? செவ்வாய்ல மேல்பக்கம் மங்கலாத்தான் இருக்கணும்."

"மங்கலாத்தானே இருக்கு?"

என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள்.

"சின்ன ரூம்ல அப்படித் தெரியும்மா. பெரிய கூடத்துல போட்டா உக்காந்துரும்" என்றேன்.

"சரிக்கா, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். ஆனால் போகிறவரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். படித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

அவள் போன பிறகு அட்டையை எடுத்துவிட்டு ஒருமுறை பார்க்கலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்?

ஜூன் 27, வெள்ளி

ஆற்காடு ரோட்டைக் கடக்கும்போது பின்னாலிருந்து பைக்கில் ஒருவன் உரசிக்கொண்டு போனான். ஹார்ன் அடித்தானாம். அடித்தால் கேட்காதா?

ஜூலை 1, செவ்வாய்

சோதனைக் காட்சி வெள்ளிக்கிழமை. செவ்வாயை இன்று நாலு தடவை போட்டுக் கேட்டேன். நாலு தடவையும் ஒரே மாதிரி இல்லை. ஒரு தடவை ரவை அதிகம் என்று தோன்றியது, அடுத்த தடவை போதாது என்று தோன்றியது. கடைசியில் இன்னும் ஒரு சிட்டிகை ஏற்றி முடித்துக் கொடுத்துவிட்டேன்.

எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். மளிகைக்கடைக்காரர், கதிஜா, டிவியில் செய்தி வாசிக்கிற பெண், எல்லாரும். இவரிடம் சொன்னேன். "காலம் அப்படிட்டி" என்றார், என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக.

ஜூலை 4, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளைகள் கூடத்தில் பாதியை நிறைத்துவிட்டார்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. நான் கடைசி வரிசையில், ஒலிப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூமியில் இவர் குரல் "ஏட்டி ஜெசி" என்றதும் ஒரே சிரிப்பு. வெள்ளிக்கு இன்னும் பெரிய சிரிப்பு. டைட்டனுக்கு அமைதி. எல்லாம் நான் நினைத்தபடி.

குவிமாடம் சிவந்தது. காற்று ஆரம்பித்தது. துகள்கள் மெல்ல உதிர்ந்தன. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அப்போது முன் வரிசையில் ரிப்பன் கட்டிய ஒரு பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பக்கத்துப் பையனும் பொத்தினான். பிள்ளைகளுக்குள் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். சிரித்தேன்கூட. பிறகு அந்த வரிசை முழுக்கப் பொத்தியது. அடுத்த வரிசை. ஒரு சின்னப் பையன் வாயைக் கோணிக்கொண்டு அழுதான். ஆசிரியைகள் எழுந்துவிட்டார்கள், அவர்களும் காதில் கை வைத்திருந்தார்கள். கதிஜா படிகளில் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். அவள் வாய் அசைந்தது. பலகையை இயக்குகிறவர் பாய்ந்து எல்லாவற்றையும் கீழே இழுத்தார்.

எனக்கு அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது லேசான காற்று. ரவை உதிர்கிற மாதிரி மெல்லிய சத்தம்.

ஸ்பீக்கர்கள் புதுசு, இன்னும் சரியாக அமையவில்லை என்று சொன்னேன். யாராவது பதில் சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வடபழனியில் காது டாக்டரிடம் போனேன்.

சோதனைக்கு ஒரு சின்ன அறை. கண்ணாடி ஜன்னல், பஞ்சு வைத்த சுவர். இத்தனை வருஷம் இந்த மாதிரிக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே இருப்பவர்களை "இன்னொரு தடவை" என்று வாட்டியவள், இன்று உள்ளே. ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு பொத்தானைக் கையில் கொடுத்தாள் பரிசோதிக்கிற பெண். "சத்தம் கேட்டா அமுத்துங்க ஆன்ட்டி. எவ்வளவு லேசா கேட்டாலும் அமுத்துங்க."

முதலில் கட்டை ஸ்தாயி. அமுக்கினேன். அமுக்கினேன். பரீட்சையில் பாஸாகிற சந்தோஷம். பிறகு இடைவெளி நீண்டது. அவள் குனிந்து எதையோ திருகுவது தெரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முன்பு ஒரு சத்தம் போட்டாள், கொஞ்சம் விட்டாள், மறுபடி போட்டாள். அந்தத் தாளம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. தாளத்தை வைத்தே அமுக்க ஆரம்பித்தேன். ஆமாம், கள்ளாட்டம்தான். இந்த வயதில், காசு கொடுத்து, கள்ளாட்டம்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்தாள்.

"ஆன்ட்டி, அடுத்தது நான் இன்னும் போடவே இல்ல."

டாக்டர் இதமாகத்தான் பேசினார். இரண்டு காதிலும் மேல்ஸ்தாயி போய்விட்டது, வலதில் அதிகம். இன்று நேற்று நடந்தது இல்லை, நாலைந்து வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போனது திரும்பாது. மிஷின் வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாகப் புரியும். நான், "கலக்குற வேலைக்கு?" என்று கேட்டேன். "என்ன கலக்குறீங்க?" என்றார். சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இவரிடம் சொல்லவில்லை.

சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காலையில் மாடி வீட்டுக்காரர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார். இவர் உடனே அந்தப் பாட்டை ஆரம்பித்துவிட்டார், உப்புக் கம்பெனி, பஸ் ஸ்டாப்பு, டிப்போ. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உப்புக் கம்பெனியில் அவருக்கு சூப்பர்வைசர் பதவி வருவதாக இருந்தது. அதை விட்டுவிட்டு வந்து, முதல் மூன்று வருஷம் இந்த ஊரில் லோடு வேன் ஓட்டினார். ஒருநாள்கூடக் குத்திக் காட்டியதில்லை. அந்த மனுஷனிடம் போய், நீங்கள் எதை நம்பி வந்தீர்களோ அது இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

"செங்கல்பட்டு ஷோ என்னாச்சுட்டி?" என்று கேட்டார்.

"ஸ்பீக்கர்ல கோளாறுங்க. மாத்துறாங்க."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. எதையாவது துருவித் துருவிக் கேட்கிற ஆள்.

ஜூலை 10, வியாழன்

தயாரிப்பாளர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார். கையில் வேலை இருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டேன். நானாக வேலையை வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஜூலை 11, வெள்ளி

கதிஜாவிடம் சொல்லிவிட்டேன்.

கோளரங்கத்தில் அவள் அறைக்கு நேரே போனேன். அறங்காவலர்கள் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுகிறார்களாம். ஸ்பீக்கர் கோளாறு என்று அவள்தான் சமாளித்து வைத்திருந்தாள். "ஸ்பீக்கர் இல்லம்மா, நான்தான்" என்றேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்க்கா. எனக்குக் காதே வலிச்சுச்சு. நீங்க பெரியவங்க, அட்டைய வேற ஒட்டி வச்சிருந்தீங்க. எனக்குத்தான் ஏதோ தெரியலன்னு நெனச்சுட்டேன்."

ஒரு பிள்ளையின் காதுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டாளாம், யாருக்கும் ஒன்றும் இல்லை. அழுத பையன் அன்றைக்கே பிரியாணி கேட்டு அடம் பிடித்தானாம். அதைக் கேட்டு எனக்குத்தான் அழுகை வந்தது.

சும்மா இருக்காமல், "ஒரு வகையில பாத்தா அக்கா, செவ்வாயோட காத்து செய்யறதும் உங்க காது—" என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்மா. பிரசங்கம் வைக்காத. நான் ஞாயித்துக்கிழமை கோவில்ல கேட்டுக்குறேன்" என்றேன். பிறகு இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

அறங்காவலர்களிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அதில் ஒரு பெரியவர், "செலவு ஏற்கெனவே ஆயிருச்சு, நாள் வேற இல்ல" என்று தலையைச் சொறிந்தார். கதிஜா, தான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு நொடியையும் கேட்டுச் சரிபார்ப்பதாகப் பொறுப்பேற்றுக்கொண்டாள். ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

அட்டையைக் கிழித்துப் போட்டேன். திரையில் செவ்வாயைப் பார்த்தேன். மேல்பக்கம் முழுக்க ஒரு சுவர் மாதிரி நின்றது. இதையா பிள்ளைகள்மேல் கொட்டினேன்? உடம்பு கூசிவிட்டது.

கதிஜாவின் கணக்கைத் திரும்பப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். கண்ணுக்கு வேலை கொடுத்துப் பழக்கமில்லை, தலை வலிக்கிறது. கட்டைப் பக்கம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் எவளும் என்னை அசைக்க முடியாது. காற்றின் முனகல் தகர ஷெட்டில் அடிக்கிற மாதிரி இருப்பதாக அவளிடம் காட்டிக்கொடுத்தேன். அவளுக்கு அது தெரியவே இல்லை. மேல்பக்கம் வந்தால் கையை எடுத்துவிடுகிறேன்.

கடைசியில் ஒரு தடவை முழுக்கப் போட்டோம். முடிந்ததும் அறையில் ஓர் அமைதி. எங்கள் வேலையில் அந்த அமைதியைக் கலக்குகிறவர்தான் உடைக்க வேண்டும். 'ஓகே' என்று அவர் சொன்னால் முடிந்தது. கதிஜா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியை இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் யாரிடமும் கேட்டதில்லை.

"ரவை இன்னும் கொஞ்சம் குறையணும்க்கா."

குறைத்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

நாளை மறுநாள் திறப்பு. இவருக்கு வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டாயிற்று. காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று, "ஏட்டி ஜெசி, சாப்பிட வா" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார், ஏதோ மேடையில் ஏற்றப் போகிறார்கள் என்று நினைப்பு. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். காட்சி முடிந்த பிறகு சொல்லலாம். அவருடைய ஒரு நாளையாவது கெடுக்காமல் விடலாம்.

ஜூலை 19, சனி

கூடம் நிரம்பிவிட்டது. எல்லாம் பிள்ளைகள், நடுநடுவே பெற்றோர். கதிஜா பலகைக்குப் பக்கத்தில். நான் இன்று பார்வையாளர்களோடு உட்கார்ந்தேன். இவர் என் இடது பக்கம்.

விளக்கு அணைந்தது. இவர் குரல் குவிமாடம் முழுக்க எழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், இவர் வெட்கப்பட்டு நாற்காலியில் சரிந்துகொண்டார். வெள்ளி வந்து போயிற்று. டைட்டன் வந்து போயிற்று.

செவ்வாய் வந்தது. நான் மேலே பார்க்கவே இல்லை, பிள்ளைகளின் கைகளைத்தான் பார்த்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை. முன்னால் குனிந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் தலையை உயர்த்தினேன்.

சிவப்பு மண்ணில் ஒரு சின்ன உருவம். கொஞ்ச தூரம் நடக்கும், திரும்பி வாயில் கையைக் குவித்துக் கூப்பிடும், மறுபடி நடக்கும். முதல் கூப்பாடு கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. இரண்டாவது இன்னும் மங்கல். மூன்றாவதில் வார்த்தை இல்லை, குரலின் அடி மட்டும் இருந்தது. உருவம் மறுபடி நடந்தது. திரும்பியது. கை வாய்க்குப் போயிற்று.

ஒன்றும் இல்லை.

இவர் பக்கமாகச் சாய்ந்தேன். "இப்ப கேக்குதா?"

"கேக்குட்டி."

உருவம் இன்னும் தள்ளிப் போயிற்று. கை வாய்க்குப் போயிற்று.

"இப்ப?"

"கேக்கு. லேசா."

மறுபடியும். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, தன் குரலைத் தானே தேடினார்.

"ம். இருக்கு" என்றார்.

உருவம் ஒரு புள்ளியாகிவிட்டது. அந்தப் புள்ளி நின்றது, திரும்பியது.

"இப்ப இல்ல. நின்னுட்டு."

இனிமேல் எப்போது சொல்வது? "எனக்கு மூணாவதோட நின்னுபோச்சுங்க" என்றேன். "எனக்கு இனிமே அவ்வளவுதாங்க. டாக்டரும் சொல்லிட்டாரு. சரியாகாதாம். உங்க வேலையெல்லாம் விட்டுட்டு வந்தீங்களே..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் அவர் கண்ணில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை.

"மூணு வரைக்கும் கேட்டுச்சா?" என்றார், என் இடது காதுக்குப் பக்கத்தில் வந்து. "ரெண்டோட நின்னுருக்கும்னுலா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முன் வரிசையிலிருந்து ஒரு குட்டிப்பெண் திரும்பி எங்களை முறைத்தாள். 'உஷ்' என்றாள். அது எனக்குக் கேட்கவில்லை, உதட்டின்மேல் வைத்த விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.